முறைக்கு வரச் சொன்னார்கள்

இரண்டு ஊரிலும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்று சொல்லித்தான் என்னை ஏமாற்றினார்கள். சொன்னவர் என் கணவர். கொழும்பில் ஒரு மொத்தக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். முப்பதுகளின் தொடக்கத்தில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துக்கொண்டபோது அந்தக் கடையும் படுத்தது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தமக்கு வீடும் கொஞ்சம் வயலும் இருக்கின்றன, அங்கே போய்விடலாம் என்றார். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. நான் கொழும்பில் பிறந்தவள், பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தார். கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு நாய்கூடக் கிடையாது.

"கப்பல்ல ஏறி எறங்கினா நம்ம ஊருதான்" என்றார். கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் ஏறி, திருநெல்வேலியில் பஸ் பிடித்து வந்தால் ஆரல்வாய்மொழியில் இன்னொரு தேசம் ஆரம்பித்தது. திருவிதாங்கூர் ராஜ்யமாம். சுங்கச் சவுக்கைச் சேவகர்கள் பஸ்ஸை நிறுத்தி, என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து, மலையாளத்தில் ஏதோ கேட்டார்கள். மலைக்காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுதானா நம்ம ஊர் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். எதற்கும் சிரித்தே பொழுதை ஓட்டுகிற மனிதர். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டியிருந்தேன்.

வந்த மறுநாளே மாமியார் என்னிடம் ஒரு குடத்தைக் கொடுத்து, "வெள்ளம் கோரிட்டு வா" என்றாள். வெள்ளம் வந்திருக்கிறது போலும் என்று நான் வாசலில் போய் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. இன்னொரு நாள் வயல் வாய்க்காலைத் தாண்டக் காலெடுத்தபோது, "ஏட்டி, சாடாத" என்று கத்தினாள். நான் யாரையும் சாடவில்லையே, வாயே திறக்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. குதிக்காதே என்று சொல்லியிருக்கிறாள். நான் எதற்காவது "ஓம்" என்று பதில் சொன்னால், எலங்கைக்காரி மந்திரம் சொல்லுகா என்று அடுத்த வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். "உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்று ஒருத்தியிடம் சொன்னேன். நான் அவளிடம் புளுகப்போவதாக அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

இதெல்லாம் பெரிய துன்பமில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். கொழும்பில் குழாயடியில் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தவள், பழையாற்றுப் படித்துறையில் நாலு பேர் பார்க்க முங்கி எழப் பழகினேன். சம்பா அரிசிச் சோறு தொண்டையில் இறங்கப் பழகியது. மாமியார் வீட்டில் சைவம், மீனை மறந்தேன். "ஓம்" என்பதை விட்டுவிட்டு "ஆமா" என்றேன். எனக்குத் தெரியாத சொல்லையும் தெரிந்த மாதிரித் தலையாட்டிக் கேட்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் பழகிக்கொண்டதற்கு ஒரே காரணம், இது கொஞ்ச காலம்தான் என்று நான் நம்பியது. அந்த நம்பிக்கையும் மெதுவாக உளுத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் உண்டானேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. முதல் பிள்ளையை அம்மாவின் கையில் பெற வேண்டும். வேறு எதையும் நான் அந்த ஊரில் கேட்கவில்லை. என்னைக் கொழும்புக்கு அனுப்ப மாமியார் சம்மதிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி கடல் தாண்டக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். சரி, அம்மாவே இங்கே வரட்டும், இதே ஊரில் ஒரு வீட்டைக் குடிக்கூலிக்குப் பிடிக்கட்டும், அந்த வீடே எனக்குத் தாய்வீடாக இருக்கட்டும் என்று கணவர் ஒரு வழி சொன்னார். மாமியாரும் தலையை ஆட்டினாள். கொழும்புக்குத் திரும்பிப் போகிற நாகர்கோவில்காரர் ஒருவரிடம் கணவர் என் கண் முன்னாலேயே சொல்லி அனுப்பினார்: "முறைக்கு வந்து பெண்ண அழைச்சுக்கிடச் சொல்லணும், கேட்டேளா. மறந்திரப்பிடாது."

முறைக்கு என்றால் எப்போது என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லத் தோன்றாது. ஏழாம் மாதம் பெண்ணின் தாய் பலகாரத்தோடு வந்து பெண்ணை அழைத்துப் போவாள். சூரியன் கிழக்கே உதிக்கிறதை யாராவது சொல்லி அனுப்புவார்களா? என் அம்மாவுக்கோ அப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டிவருவார்கள். தாய்வீட்டை விட்டுப் போகாத பெண்ணை எங்கிருந்து அழைத்து வருவது? பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்தால் முறையாக இருக்கும் என்று அம்மா கணக்குப் போட்டுக்கொண்டாள். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. முறைக்கு என்ற சொல் என் காதில் விழுந்தபோது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஏழாம் மாதம் பிறந்ததும் மாமியார் தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அப்போதும் கணவர், "சொல்லியாச்சுல்லா, வருவா" என்றார். மாதம் முடியப் போனது. வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்: "தள்ளை வரல்லியா?" தள்ளை என்றால் அம்மா. முதலில் அந்தச் சொல்லே எனக்கு ஏதோ வசவு மாதிரிக் கேட்கும். அந்த மாதம் உண்மையிலேயே வசவாகத்தான் கேட்டது. தள்ளை தள்ளிவிட்டாள் என்று மாமியார் யாரிடமோ சொன்னது என் காதில் விழ வேண்டுமென்றே சொல்லப்பட்டது. எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஏழாம் மாதம் தாண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று பேசி, கடைசி நல்ல நாளில் அவர்களே ஒரு தாயை ஏற்பாடு செய்தார்கள். மேலத்தெருவில் ஒரு அம்மாள். என் மாமியாரின் அண்ணன் மனைவி, விதவை. அவளுக்கு ஒரு பெண் இருந்திருந்தால் என் கணவருக்குத்தான் கட்டியிருப்பார்கள். ஆகவே எனக்குத் தாய் முறை. முறை என்ற அந்த ஒரு சொல்லில்தான் எத்தனை அறைகள் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் முந்திரிக்கொத்தும் முறுக்கும் தாம்பாளங்களில் சுமக்க வைத்து, புதுச்சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண்ணை அழைக்க வந்திருக்கிறேன் என்றாள். என் மாமியார், முன்பின் தெரியாதவளைப் போல அவளை வரவேற்று, பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து அதே முறுக்கைப் பிழிந்ததை நான் பார்த்திருந்தேன்.

பூவும் பொட்டுமாக என்னைத் தெரு வழியே நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு தெரு தூரம். கோமாளியை ஊர்வலம் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. வாசலில் சுமங்கலி ஒருத்தி ஆரத்தி சுற்ற, "வலது காலு வச்சு வா மக்களே" என்றாள் அந்த அம்மாள். மகளை அங்கே மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. மற்றவர்கள் நாடகம் போட்டார்கள், அவள் மட்டும் நம்பிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேளைக்கு வேளை சோறு போட்டாள், காலில் நீர் கோர்த்தால் எண்ணெய் தேய்த்தாள். ஆனால் படித்துறையில் நாலு பேரைப் பார்த்தால், "எம் மகளுக்கு இப்பம் உறக்கம் வரமாட்டேங்கு" என்பாள். எம் மகள், எம் மகள் என்று நாளெல்லாம். பிள்ளையில்லாமல் இருந்த வீட்டுக்குத் திடீரென்று ஒரு மகள் கிடைத்த பெருமை அது. அந்தப் பெருமையைச் சுமக்கிற கழுதையாக நான் இருந்தேன்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் என் அம்மா வந்து சேர்ந்தாள்.

பெட்டிகளோடு மாமியார் வீட்டு வாசலில் இறங்கி, வாடகைக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பெண்ணு தள்ளை வீட்டுல இருக்கா என்று மாமியார் சொன்னாளாம். அம்மாவுக்கு விளங்கவில்லை. "தாய் நானெல்லோ" என்றாளாம். இதை மாமியார் பிறகு ஊருக்கெல்லாம் சொல்லிக்காட்டிச் சிரித்தாள்.

கணவர் அம்மாவை மேலத்தெருவுக்குக் கூட்டி வந்தார். கூடத்தில் என்னைப் பார்த்ததும் அம்மா என் முகத்தைத் தடவினாள். இரண்டு மாதம் சேர்த்து வைத்திருந்த ஆத்திரத்தை எல்லாம் நான் கொட்டினேன். ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டேன். "இந்த மாசம்தானே முறை? முறைக்கு வரச் சொல்லித்தானே சொன்னவை" என்றாள் அவள். கணவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

சரி, தவறு நேர்ந்துவிட்டது, யார்மீதும் குற்றமில்லை, இப்போது வீடு பிடித்து என்னை அழைத்துப் போகட்டும் என்றேன். மாமியார் வந்தாள். மேலத்தெரு அம்மாளும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு பெண்ணுக்கு ரெண்டு தள்ளை வீடு கெடையாது" என்றாள் மாமியார். மேலத்தெரு அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். "ஏத்துக்கிட்டவ நானாக்கும். பெறுகதுக்கு முன்ன படி மாறினா பிள்ளைக்கு ஆகாது. பெத்தெடுத்த பொறவு தாராளமா கூட்டிட்டுப் போங்கோ. அதுவரைக்கும் சம்பந்தியம்மா நம்ம வீட்டுல விருந்தா இருக்கட்டும்" என்றாள். பிள்ளைக்கு ஆகாது என்ற சொல்லுக்கு எதிராக வாயைத் திறக்க என் அம்மாவால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயப்படாத தாய் எந்தத் தேசத்தில் இருக்கிறாள்?

விருந்தாக இருந்தாள் அம்மா. அவளுக்கு முதல் இலை போட்டார்கள். எனக்குச் சாப்பிட ஏதாவது செய்து தரலாம் என்று அவள் அடுக்களைப் பக்கம் போனால், "சம்பந்தியம்மாளுக்கு என்னத்துக்குச் செரமம்" என்று கையைப் பிடித்துக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். என் தலையை வாரிவிட வந்தால், அதற்குள் மேலத்தெரு அம்மாள் வாரியிருப்பாள். வைது விரட்டினால் சண்டை போட்டிருக்கலாம். மரியாதையோடு விரட்டுகிறவர்களை என்ன செய்வது? மகள் கட்டிப்போன வீட்டில் தாய் தங்குவது கௌரவமில்லை. மகளின் தாய்வீட்டிலோ இன்னொருத்தி தாயாக இருக்கிறாள். என் அம்மாவுக்கு அந்த ஊரில் நிற்பதற்கு ஒரு சாண் இடம் இல்லாமல் போயிற்று. பிரசவ அறைக்குள்ளும் சம்பந்தி வரக்கூடாதாம், தீட்டு தாய்வீட்டுக்காரர்களுக்கு மட்டுமாம்.

ஒரு நாள் சாயங்காலம் கணவர் வந்தார். என்னிடம் பேசாமல் அம்மாவிடம் பேசினார். "ஊருல ஒரே பேச்சாட்டு இருக்கு. ரெண்டு தள்ளைக்காரின்னு சிரிக்கானுவ. நீங்க தப்பா நெனைக்கப்பிடாது" என்றார். அம்மா தப்பாக நினைக்கவில்லை. பெட்டியைக் கட்டினாள்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அவள் சேலையைப் பிடித்தேன். ஊர்ப் பேச்செல்லாம் போய் என் பழைய பேச்சு வந்துவிட்டது. "முறை தெரியாமல் வந்தது என்ரை பிழை, பிள்ளை" என்றாள். "நீ இனி இவையின்ரை ஆள். நல்லா இரு." பிழை அவளுடையது என்று அவளையே சொல்ல வைத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நிறைமாதக்காரி வழியனுப்ப வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். பஸ் கிளம்புகிற சத்தம்கூட அந்த வீட்டுக்குக் கேட்காது.

வலி ஒரு பகல் பொழுதில் வந்தது. மருத்துவச்சி காலடியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் என்னையறியாமல் "அம்மா, அம்மா" என்று கத்தினேன். நான் கூப்பிட்டது கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டவளை.

"இன்னா, இங்கதான் இருக்கேன் மக்களே" என்று மேலத்தெரு அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை. நகம் பதிய அவள் கையையே பிடித்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. பெயர் வைக்க வந்த கூட்டத்தில் மேலத்தெரு அம்மாள் அந்த நகக்குறியை ஒவ்வொருத்திக்கும் காட்டினாள்.

"தள்ளை தள்ளைன்னு அந்தக் கொழும்புக்காரி வந்து நின்னால்லா. வலி வந்தப்பம் எம் மக ஆரைக் கூப்பிட்டா? என்னையாக்கும்."