செல்வியின் பெயரை மாற்றினேன்

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தகப்பனில்லாத ஏழு வயது செல்வியை, அவள் தாயும் நோயில் படுத்துவிட்டதால், குழந்தைகள் நலக் குழு காரைக்குடியில் எங்களிடம் தற்காலிக வளர்ப்புக்கு விட்டது. எங்கள் வழக்கத்தில் மூத்த மகளுக்கு மாமியார் பெயர்தான். மறுவாரமே பங்காளிகளை அழைத்து விருந்து வைத்து, அவளுக்கு 'மீனாள்' என்று பெயரிட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பிள்ளை பேசவில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து வரவும் இல்லை. பதறித் தேடினால், பஸ் ஸ்டாண்டில், அவள் தாய் இருக்கும் சிங்கம்புணரிக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"பேரை மாத்திட்டீகளே ஆச்சி, எங்கம்மா வந்தா என்ன பேரு சொல்லித் தேடும்?"

விசாரிக்க வந்த அலுவலர், "தாய் குணமானா திரும்பிப் போற பிள்ளை ஆச்சி. அவசரப்பட்டுட்டீக" என்றார்.

அன்றே பழைய பெயரால் கூப்பிட்டேன். மாதாமாதம் தாயிடம் கூட்டிப்போனோம். மூன்றாம் வருடம் அந்தத் தாய் இறந்துபோனாள். பிறகு முறைப்படி விண்ணப்பித்து, தத்து ஆணை வாங்கினோம். அதில் அவள் பெயர் செல்விதான்.

போன வாரம் இன்னொரு பிள்ளையை வளர்ப்புக்கு ஏற்றோம். நான் வாய் திறக்குமுன் செல்வி வாசலுக்கு ஓடினாள்.

"உங்கம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாக?"

நானும் அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறேன்.