பேப்பரில் வராத பாதை

மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் டீச்சராக இருந்தபோது ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். ரங்கூனில் கணவரோடு இருந்த என் பெரியம்மா மகள் காடும் மலையும் நடந்து, தனியாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் வழியிலேயே காலராவில் போய்விட்டார். புதைக்க வழியில்லாமல் இலைதழைகளைப் போட்டு மூடிவிட்டு நடந்ததாகச் சொன்னாள். அழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் யுத்த நிதிக்காகக் கண்காட்சி வைத்தார்கள். தலைமையாசிரியை பத்திரிகைப் படங்களை வெட்டிக் கொடுத்து, பெரிதாக வரைந்து வரச் சொன்னார். சிரிக்கும் சிப்பாய்கள், விமானங்கள், பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் குடும்பங்கள். ஒரு குழந்தை கைகூட ஆட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தக் கப்பல் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நடந்து வந்தவுக ஒருத்தரையும் காணோமே," என்றாள்.

சினிமாக் கொட்டகையில் காட்டும் யுத்தச் செய்தியிலும் அவர்களைக் காணோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே பழுப்புத் தாள்களை ஒட்டித் தரையில் விரித்தேன். அவள் சொல்லச் சொல்லக் கரியால் வரைந்தேன். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதையை ஒதுக்கிவிட்டு நம் ஆட்களைச் சேற்று வழியில் திருப்பிவிட்டதை வரைந்தேன். கைக்குழந்தையோடு மரத்தடியில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லாத ஒரு பெண்ணை வரைந்தேன். அத்தான் முறை வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"கெடக்குறாப்புல வரையாத. நடந்து வாராப்புல வரை," என்றாள் அக்கா.

அப்படியே வரைந்து, கண்காட்சியில் கப்பல் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் அந்தக் கரிப்படத்தைத்தான் மாட்டினேன். திறந்துவைக்க வந்த அதிகாரி, ஜனங்கள் பயந்துவிடுவார்கள், எடுத்துவிடுங்கள் என்றார். மற்றவையெல்லாம் படத்தைப் பார்த்து வரைந்த படங்கள், இது ஒன்றுதான் கண்ணால் கண்டவள் சொல்லி வரைந்தது, என் கையால் எடுக்க மாட்டேன் என்றேன். கடைசியில் பியூன் எடுத்தார். நான் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து, என் வீட்டின் வெளிச்சுவரில், தெருவே பார்க்கும்படி ஆணியடித்து மாட்டினேன்.

பேச்சு பரவியது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் எழுமலைப் பக்கமிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். பேரையூர்க்காரர் ஒருவர் தன் தாயாரையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். திருப்பரங்குன்றத்துப் பெண்ணொருத்தி தன் தம்பியைச் சேர்க்கச் சொன்னாள். இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினேன்.

பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். இப்படியெல்லாம் நடந்ததாகப் பேப்பரில் ஒரு வரிகூட இல்லையே என்றார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, அட்டை கடித்துப் புண்ணாகித் தழும்பேறிய கால்களை நீட்டினாள்.

"பேப்பர்காரன் நடக்கலைங்கய்யா. நாந்தான் நடந்தேன். என்னையக் கேளுங்க."

கழற்றிவிடச் சொல்லிவிட்டு அவர் போனார். நாங்கள் கழற்றவில்லை.

மறு வருஷம் பள்ளியில் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தேன். மழையில் தாள் நைந்ததும், சுவருக்கு வெள்ளையடித்து அதன்மேலேயே காவியாலும் கரியாலும் எல்லோரையும் திரும்ப வரைந்தேன். அத்தானை மட்டும் அக்கா என்னிடம் விடவில்லை, தானே வரைந்தாள். கால்கள் இரண்டும் கோணலாக வந்தன. திருத்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.