றெஜினா அக்கா பறந்து போகவில்லை

றெஜினா அக்கா செத்துப்போனார். வியாழக்கிழமை பின்னேரம், ஆம்புலன்ஸில்.

அவர் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, நேற்று ஒரு போஸ்ட் போட்டிருக்கிறார். "எங்கள் தேவதை வானத்துக்குப் பறந்துவிட்டாள். அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி." கீழே இதயம் இதயமாய்...

பறக்கவில்லை. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் காத்திருந்தார்.

அந்தப் போஸ்டில் இருக்கிற படம் நான் எடுத்தது. அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் சிஞ்ஞோராவின் அப்பா, தொண்ணூறு வயது. பன்னிரண்டு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மத்தியானத்தில் அவரோடு இருந்து பழைய கௌபாய் தொடர் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. நான் அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, இன்னொரு வீட்டில் வேலை செய்கிறேன்.

அக்காவின் இத்தாலியன் முழுக்க அந்தத் தொடரில் இருந்து வந்தது. ஒருநாள் இங்கே பலெர்மோவில், கபோ சந்தையின் மீன் வரிசையில், இந்த ஊர்க்காரர் ஒருவர் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போனார். அக்கா இடுப்பில் கை வைத்து, "பின்னுக்குப் போ, ஸ்த்ரானியேரோ" என்றார்.

ஊருக்குள் வருகிற புது ஆளை அந்தத் தொடரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரன் என்றும் அர்த்தம். இங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து ஒரு மன்னார்க்காரி... மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த ஆள் பின்னுக்குப் போனார்.

படம் எடுத்த அன்று ஓடியது ஒரு விசித்திரமான எபிசோட். ஷெரீப் ஒரு கள்ளனைத் துரத்திக்கொண்டு புழுதிப்புயலுக்குள் போகிறான். புழுதி அடங்கினால் அதே ஊர், ஆனால் நூறு வருடம் கழிந்துவிட்டது. தெருவெல்லாம் கார். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான், யாரோ ஒரு பெண் திறந்து "யார் வேண்டும்?" என்று கேட்கிறாள்.

அக்காவுக்கு அவன் மேல் சரியான கோபம். "எட, காரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியே... அங்கை மனிசி காத்துக்கொண்டிருக்கிறாள். ஓடு, ஓடு."

எபிசோட் முடிந்த பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுத்தான் தன் கதையைச் சொன்னார். மகளை நாலு வயதில் விட்டுவிட்டு வந்தவர். பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, கிடைத்து முதல்முறை ஊருக்குப் போனபோது அவளுக்குப் பதினைந்து. வீட்டுக்குள் போய் இருந்ததும் மகள் வந்து கேட்டாளாம், "தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களோ?"

"வந்த ஆக்களைக் கேக்கிற மாதிரி" என்றார் அக்கா.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நெஞ்சுக்குள்ள ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ அக்கா."

"கூப்பிட்டா என்னைக் கொண்டு போயிடுவாங்கள். இந்த மனிசனை ஆர் பாக்கிறது? பத்து மணிக்கே சிஞ்ஞோராவுக்குச் சொன்னனான். அப்பாவைத் தனிய விட்டிட்டு அசைய வேண்டாம், தான் வாறன் எண்டவ."

"நான் மேல வரட்டோ?"

"வேண்டாம். உனக்கு இண்டைக்கு விருந்தாக்கள் எல்லே."

ஓம், விருந்தாட்கள். எட்டுப் பேருக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாடி... ஏறவில்லை. நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்தக் கோபம் என் மேல். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று மணிக்குச் சிஞ்ஞோரா வந்தார். தலைக்குப் புதுச்சாயம். படியெல்லாம் அந்த மணம். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது, நானும் பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, "அவள் எங்கள் குடும்பம்" என்று அழுதார். நான் கையை விலக்கினேன். "உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு நொந்திருந்தால் ஐந்து மணித்தியாலம் இருத்தி வைத்திருப்பீர்களா?" என்று இத்தாலியனிலேயே கேட்டேன்.

கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பிறகு மெதுவாக, "திங்கட்கிழமை அப்பாவைப் பார்க்க உங்கள் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா? றெஜினா மாதிரி ஒருத்தி..."

இல்லை என்றேன்.

நேற்று மன்னாருக்குப் போன் எடுத்து அக்காவின் மகளோடு கதைத்தேன். "அம்மா தனியவோ இருந்தவ?" என்று கேட்டாள். அந்த வயதான ஐயா பக்கத்தில் இருந்தார் என்றேன். அது உண்மை. மற்றதையும் அந்தப் போஸ்டையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு, "அந்தப் போஸ்டை எனக்கு அனுப்பிவிடுங்கோ" என்றாள்.

இன்று காலை பார்க்கிறேன்... அத்தனை இதயங்களுக்கும் கீழே தமிழில் ஒரு கமென்ட். "நான் அவவின்ர மகள். நீங்கள் ஏன் பத்து மணிக்கே வரேல்லை?"

சிஞ்ஞோராவுக்கு விளங்கவில்லை. அதற்கும் ஒரு இதயம் போட்டிருக்கிறார்.

அதன் கீழே அதை இத்தாலியனில் எழுதிவிட்டேன். என் சொந்தப் பெயரில்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு எங்கள் கோயிலில் அக்காவுக்காகப் பூசை. எங்கள் ஆட்களில் வேலை இருக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வாருங்கள்.

போங்கோ அக்கா... ஆர் கூப்பிட்டாலும் திரும்ப வேண்டாம்.