லேட் என்று முதலில் யார் சொல்வது?

ராக்கெட் ஃபேக்டரியில் நெருக்கடி என்றால் தீ, வெடிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் புது டிரெயினிகளான நீங்கள் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நான் பார்த்த முதல் நெருக்கடி ஒரு லீவ் லெட்டர்.

எரிபொருள் அடைக்கும் மோட்டார் கேசிங்கை ஹைதராபாத்தில் வெல்ட் செய்து, தண்ணீர் அழுத்தத்தில் டெஸ்ட் செய்து, ஏவுதளத்துக்கு லாரியில் ஏற்றுவது நம் வேலை. அந்த டெஸ்பாட்ச் தள்ளினால் லாஞ்சும் தள்ளும். எல்லாத் தேதிகளையும் சுவர் அகலச் சார்ட்டில் வரைவது எங்கள் பிளானிங் செக்‌ஷன்.

எங்கள் ஹெட் ஞானப்பிரகாசம் சார் செகந்திராபாத் வாசி. பேச்சு மட்டும் இன்னும் பாளையங்கோட்டை. மற்றவர்கள் சார்ட் தேதியோடு மூன்று மாதம் கூட்டித்தான் வீட்டு விசேஷம் வைப்பார்கள். அதை அப்படியே நம்பி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரே ஆள் அதை வரைந்தவர்தான். டெஸ்பாட்ச் ஒருமுறை தள்ளி, சரியாகக் கல்யாண வாரத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த வாரம் பிளானிங் ஹெட்டுக்கு லீவ் கிடையாது என்று ஜி.எம். எழுதிவிட்டார்.

"அந்த வாரம் கேசிங் போகாதுன்னு கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் சார்," என்றேன்.

"தெரிஞ்சு என்னல செய்ய? பேப்பர்ல போவுதுல்லா. தூத்துக்குடி மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. தகப்பன் இல்லாம பிள்ளை ஒத்தையில நடந்து போவாளா?"

"நீங்களே லேட்டுன்னு சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா கல்யாணத்துக்காவத் தள்ளுதான்னுவாவ. ஷாப்காரங்க வாயில வரணும்."

அதுதான் வராது. வெல்டிங், டெஸ்டிங் என்று எல்லா ஷாப்பும் லேட். ஆனால் முதலில் வாய் திறப்பவன் தலையில் மொத்த லேட்டும் விழும். அதனால் அடுத்தவன் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதுவரை ‘ஆன் ஷெட்யூல்’.

வெல்டிங் ஷாப் ரெட்டி காரு மெட்ராஸில் படித்தவர். "எக்ஸ்ரேல வெல்ட் ஃபெயில், பாபு. வெட்டி எடுத்து மறுபடி போடணும். அதை நான் ஏன் சொல்லணும்? டெஸ்டிங்ல பம்பே கழட்டிக் கிடக்கு. குரைஷி சொல்லட்டும்."

டெஸ்டிங் குரைஷி சாப் டீ வாங்கிக் கொடுத்தார். பம்ப் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நாற்காலிக்கே போக வேண்டும். "மை பெஹ்லே? நக்கோ மியா, நக்கோ," என்றார். தான் முதலில் சொல்ல மாட்டாராம், ரெட்டி சொல்லட்டுமாம்.

ரிவியூ மீட்டிங் வந்தது. ஜி.எம். தஞ்சாவூர்க்காரர், சிரிக்காத மனிதர். வரிசையாகக் கேட்டார்.

"ஆன் ஷெட்யூல் சார்," என்றார் ரெட்டி.

"ஆன் ஷெட்யூல் சார்," என்றார் குரைஷி.

ஞானப்பிரகாசம் சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஜி.எம். தேதியை உறுதி செய்து டெலக்ஸ் அடிக்கச் சொல்வார். சொன்னால் கல்யாணம் போச்சு.

நான் எழுந்துவிட்டேன். "லேட் சார். பிளானிங் லேட்."

"கோடு போடற செக்‌ஷன்ல என்னய்யா லேட்?"

"கோட்டுலதான் தப்பு சார். வெல்ட் ஃபெயிலானா திரும்பப் போட நாள் வேணும். பம்ப் கெட்டா ரிப்பேருக்கு நாள் வேணும். இந்த ஃபேக்டரியில எதுவுமே கெடாதுன்னு நெனச்சு சார்ட் வரைஞ்சுட்டோம்."

ரெட்டி காருவின் முகம் மலர்ந்தது. "கரெக்ட் சார். பிளானிங் தப்புதான். வெல்டுக்கு ஒரு மாசம் விட்டிருக்கணும்."

"ஹவ், ஹவ். பம்ப்புக்கும் ஒரு மாசம்," என்று தலையாட்டினார் குரைஷி சாப். அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஜி.எம். டெஸ்பாட்சை இரண்டு மாதம் தள்ளினார். எங்கள் சாருக்கு மூச்சு வந்தது. உடனே ஜி.எம். அவர் பக்கம் திரும்பினார். "ஞானப்பிரகாசம், லீவு போடாம நீங்களே இருந்து புது சார்ட் போட்டுக் கொடுத்துடுங்கோ."

மூச்சு மறுபடி நின்றது.

"தப்பைக் கண்டுபிடிச்சது நான் சார், நானே போடறேன்," என்றேன்.

"போடு. ஷெட்யூல் கெட்டதுக்கு மெமோவும் வாங்கிக்கோ."

மறுநாள் ஏவுதளத்திலிருந்து ட்ரங்க் கால். யாரோ ஒரு தமிழர். "லேட்டுன்னு சொன்ன மகராசன் யாருங்க? எங்க கிரேனும் ரெடியில்ல. நாங்க சொன்னோம்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க."

சார் தூத்துக்குடி போனார். நான் சுவர் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு காலிக் கட்டம் வரைந்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். லேட் ஆகும். நம் தொழிலில் ஆகாமல் இருக்காது. தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து வந்த சார், என் மெமோவுக்கான பதிலைத் தானே எழுதி ஜி.எம்.முக்கு அனுப்பினார்: ‘இந்த ப்ராஜெக்டில் இதுவரை நேரத்துக்கு வந்து சேர்ந்தது, லேட் என்று இவர் சொன்ன தகவல் ஒன்றுதான்.’