கதவுச் சத்தமும் ரெண்டாவது பிரேக்கும்

அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் குலதெய்வத்தைக் கும்பிட்டபடி உட்கார்ந்திருக்கிற உத்தியோகத்துக்குப் பெயர் டிரைவிங் வாத்தியார். மச்சானுக்கு சைக்கிள் பழக்கியவர்கள், பெற்ற பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போனவர்கள், இவர்களெல்லாம் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நாம் எல்லாரும் ஒரே படகில் மாட்டியவர்கள்தான்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருந்தேன். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு அறை, ஒரு பழைய அம்பாசடர், ஒரு முதலாளி, ஒரு நான். வண்டியில் நான் உட்காரும் பக்கத்திலும் கூடுதலாக ஒரு பிரேக் வைத்திருக்கும். பழகுகிற ஆள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும் நான் ஒரு மிதி மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த ரெண்டாவது பிரேக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

'டப்'

எங்கள் முதலாளி லாரி ஓட்டி, லாரி வாங்கி, லாரியை விற்றுவிட்டு ஸ்கூல் வைத்தவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பழக வருகிறவரிடம் பெயர்கூடக் கேட்க மாட்டார். "போயி வண்டியில ஏறிக் கதவைச் சாத்துங்க" என்பார். சொல்லிவிட்டு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். 'டமார்' என்று கேட்டால் முரட்டு ஆசாமி. கதவு பாதி சாத்தி, மறுபடி திறந்து சாத்தினால் பயந்தாங்கொள்ளி. ஒரே சத்தமாக 'டப்' என்று விழுந்தால் டிரைவர். உடனே தீர்ப்பு வந்துவிடும், அதுவும் அந்த ஆள் முகத்துக்கு நேராகவே: "தேறும்" அல்லது "தேறாது."

தேறாது என்றாலும் சேர்த்துக்கொள்வோம், கடை நடக்க வேண்டுமே. ஆனால் பாருங்கள், அதுவரைக்கும் அவர் சொன்னதெல்லாம் பலித்தது! தேறும் என்றவர்கள் முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். தேறாது என்றவர்கள் போய் விழுந்தார்கள். மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் பண்ணுகிறவர்கள், காரே இல்லாதவர்கள், சும்மா கதவைச் சாத்திப் பார்ப்பதற்கென்றே வந்துபோன காலம் அது. எனக்கோ மண்டை காய்ந்தது. இதில் என்ன சூட்சுமம் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்:

"கத்திரிக்காய் வாங்குறப்ப காம்பைப் பாத்துத்தானய்யா வாங்குறோம்? மனுசனுக்குக் கதவுதான் காம்பு."

லாரிக்காரர் மகன்

ஒரு பையன் வந்தான். நல்ல உயரம், பெல்பாட்டம், காலர் இரண்டும் தோளைத் தொட்டன. அப்பா லாரி டிரைவர். அவன் சாத்திய சத்தத்தைக் கேட்டு முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "தேறும்னு சொல்றதே தப்பு, தேறியே வந்திருக்கான். மீன் குஞ்சுக்கு நீச்சலா சொல்லித் தரணும்?" என்றார். பையனும் பொய்யில்லாமல் ஓட்டினான். கீழவெளி வீதி நெரிசலில் மாட்டுவண்டிக்கும் ரிக்ஷாவுக்கும் நடுவில் ஒற்றைக் கையால் ஓட்டினான். நான் ரெண்டாவது பிரேக்கைத் தொடவே இல்லை.

ரிவர்ஸ் மட்டும் அவனுக்கு வரவில்லை. பின்னால் எடுத்தால் வண்டி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். "வா மாப்ள, மைதானத்துல நாலு தடவை போட்டுப் பாப்போம்" என்றால், "அதெல்லாம் தானா வந்துரும்ணே" என்று சீப்பை எடுத்துத் தலைசீவப் போய்விடுவான். டெஸ்ட் அன்றைக்கு, லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். வேலிக்கருவை மரம் ஒன்று பாவம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் போய் ஏற்றினான்.

"விடு மாப்ள, ஒரு வாரம் பழகினா சரியாப் போகும்" என்றேன். அந்த வார்த்தைதான் அவனுக்கு அடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து என்னிடம் கேட்டான். அதற்குப் பிறகு அவன் ஸ்கூல் பக்கமே வரவில்லை.

"பழகித்தான் வரணும்னா, அப்புறம் நான் லாரிக்காரர் மகனா இருந்து என்னண்ணே பிரயோசனம்?"

கண்ணாடிக்கடை பாய்

அடுத்து வந்தவர் ஒரு பாய். பழைய ஊருக்குள் கண்ணாடி வெட்டி சட்டம் போட்டுக்கொடுக்கும் கடைக்காரர், ஐம்பதை நெருங்கும் வயசு. அவர் கதவைச் சாத்தினார். அது சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. மறுபடி சாத்தினார், ஜிப்பா நுனி உள்ளே மாட்டிக்கொண்டது. முதலாளி கண்ணைத் திறக்காமலே "தேறாது" என்றார். பாய், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்!

கிளட்சை விட்டால் வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் மனுசன் விழுந்து விழுந்து சிரிப்பார். "இப்ப என்ன பண்ணேன் வாத்தியாரே? சீக்கிரம் விட்டுட்டேனா? ஆஹா!" என்று ஏதோ புதையல் கிடைத்தது போலக் கேட்பார். அவர் சிரிக்கிற சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, காலை பிரேக்கில் வைக்கவே மறந்துபோகும். எனக்கு வாய்க்கோபம் அதிகம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோபமே இவரிடம் செல்லுபடியாகவில்லை. டெஸ்ட்டிலும் பாஸாகிவிட்டார். முதலாளி, "நூத்துல ஒண்ணு அப்படித்தான், அல்லா புண்ணியம்" என்று கணக்கை முடித்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு விடவில்லை. இத்தனை தடவை ஆஃப் ஆகியும் உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று பாயிடமே கேட்டேன்.

"கண்ணாடி வெட்டப் பழகுறப்ப நான் எம்புட்டு ஒடைச்சேன்னு எங்க அத்தாவைக் கேக்கணும் நீங்க. வண்டி ஆஃப்தானே ஆகுது வாத்தியாரே, ஒடையலையே!"

வேனும் டீச்சரும்

பாக்கியம் டீச்சர் வந்தது சித்திரை வெயிலில். டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம், காது கேட்காத பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் வேலை. யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்குப் பழைய வேன் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஓட்டத்தான் ஆள் இல்லை. வருகிற டிரைவரெல்லாம் லாரிக்குப் போய்விடுகிறார்கள். சுத்துப்பட்டிப் பிள்ளைகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பப் பெற்றவர்களுக்குப் பயம். ரோட்டைக் கடக்கும்போது பின்னால் ஹாரன் அடித்தால் பிள்ளைக்குக் கேட்காதே! ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறபோது வேன் ஓடவில்லை என்றால், சும்மா நிற்கிற வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கொடுத்தவர் சொல்லிவிட்டார். வேன் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு வீடுதான், ஆடு மேய்க்கிறதுதான்.

டீச்சர் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். சந்தேகம் வந்து திறந்து மறுபடி சாத்தினார். "தேறாது. வேற ஆள் பாருங்கம்மா" என்றார் முதலாளி. எனக்குச் சுருக்கென்றது, அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

"எனக்கும் தெரியும் சார், மெஷின்னாலே எனக்கு ஆகாது. தையல் மெஷின்ல உக்காந்தா ஊசி ஒடிஞ்சுரும். ஆனா வேற ஆள் இல்லையே."

டீக்கடை பெஞ்ச்

முதல் டெஸ்ட்டில் டீச்சர் விழுந்தார். மைதானத்தில் என்னுடன் ஓட்டும்போது ஒழுங்காக நின்ற வண்டி, இன்ஸ்பெக்டர் என் இடத்தில் உட்கார்ந்ததும் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். டீச்சர் டீயைத் தொடவில்லை. மே மாதம் முடியப் போகிறது, இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் அவகாசம். "நான் வேன் சாவியைக் கொடுத்துடுறேன்ணே" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பேச்சை மாற்றுவோமென்று, "காது கேக்காத பிள்ளைக்கு எப்படி டீச்சர் பேசச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டேன். டீச்சர் முகம் தெளிந்துவிட்டது. பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துப் பேசுவாராம். அந்த அதிர்வைப் பிள்ளை உள்ளங்கையால் தெரிந்துகொண்டு, தன் தொண்டையில் கொண்டுவரப் பார்க்குமாம். "அது கூட சுலபம்ணே. பெத்தவங்களைச் சமாளிக்கிறதுதான் கஷ்டம். 'இதுக்கு வராது டீச்சர்'னு அவங்களே முடிவு பண்ணிட்டு, பிள்ளை திரும்பிப் பாக்குறதுக்குள்ள தண்ணியக் கொடுத்துருவாங்க, சோத்தை ஊட்டிருவாங்க. கேக்கவே வேணாம்னா அது எதுக்கு வாயைத் திறக்கும்?" என்றார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே, என் வலது காலைப் பார்த்தார். எனக்கு என்னவோ அந்தக் காலை எடுத்து ஒளித்துவைக்கலாமா என்றிருந்தது.

"அண்ணே, வண்டியை இத்தனை நாளா நான் நிறுத்தலை. நான் நிறுத்துறதுக்கு முன்னாடியே நீங்க தண்ணி கொடுத்துட்டீங்க."

பசுமலை ஏத்தம்

அன்றைக்கு ராத்திரி பூராவும் இதே யோசனை. தேறும் என்று முதலாளி சொன்னவர்களை நான் முதல் வாரமே பஜாருக்குள் கூட்டிப்போவேன். தேறாது என்றவர்களை மைதானத்திலேயே சுற்றவிடுவேன், என் கால் ரெண்டாவது பிரேக்கிலேயே கிடக்கும். முதலாளியின் வாக்கு எப்படிப் பலித்தது என்று ஊரே அதிசயப்பட்டதே, அதைப் பலிக்கவைத்தது என் செருப்புக்காலா? இது என்ன கூத்து!

மறுநாள் டீச்சர் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "அண்ணே, சம்மணம் போட்டு உக்காருங்க." அம்பாசடர் முன்சீட்டு பெஞ்ச் மாதிரி அகலம். பந்தியில் இலைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தேன். பசுமலை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுக்க வேண்டும். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி பிடிக்கிற நேரத்தில் பிரேக்கை விட வேண்டும். அது தவறினால் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒரு டவுன் பஸ் வேறு வந்து ஒட்டி நின்று ஹாரன் அடித்தது. "என்ஜின் சத்தம் மாறும், அதைக் கேளுங்க டீச்சர்" என்று கத்தினேன். ஹாரனில் எங்கே கேட்கிறது! வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. என் கால் தானாகக் கீழே போகப் பார்க்க, ரெண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாண்டி முனீஸ்வரா!" என்று அலறினேன்.

டீச்சர் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைக் கிளட்சில் வைத்தார். இடது கையை டேஷ்போர்டில், பிள்ளை அவர் தொண்டையில் கை வைப்பது போல, விரல் விரித்து வைத்தார். மெல்லக் கிளட்சை விட்டார். "இந்தா, நடுங்குது... இப்பப் பிடிக்குது" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு பிரேக்கை விட்டார். வண்டி உருளாமல், குதிக்காமல், சாமி சப்பரம் கிளம்புகிற மாதிரி மேலே ஏறியது. பஸ் டிரைவர் எங்களைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்து, "யோவ், சோறு போட்டாச்சா?" என்று கத்திவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டீச்சர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, இப்பக் காலைக் கீழ விடுங்க, மரத்துப் போயிருக்கும்."

ரப்பர்

ரெண்டாவது டெஸ்ட்டில் டீச்சர் பாஸ். இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. தேறாது என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வரும்போதெல்லாம் நான் சம்மணம் போட ஆரம்பித்தேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் பாஸ், ஒரு கம்பவுண்டர் பாஸ். எல்லாரும் பாஸ் என்று சொல்ல மாட்டேன், விழுந்தவர்களும் உண்டு. ஆனால் யார் விழுவார், யார் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போய்விட்டது. முதலாளிக்கு அது பெரிய வருத்தம். ஒருநாள் வண்டிக் கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"கதவு ரப்பர் தேஞ்சுபோச்சுய்யா, அதான் சத்தம் தப்பாக் கேக்குது. மொதல்ல அதை மாத்தணும்."

வேன் வந்தது

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்கூல் வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது பாக்கியம் டீச்சர். உள்ளே முழுக்கப் பிள்ளைகள், மதுரை பார்க்கக் கூட்டிவந்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க வேனின் டயரைக் குனிந்து பார்க்கிற மாதிரி பாவனை பண்ணினேன். பிள்ளைகள் இறங்கி, இன்னும் ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துச் சிரித்தன. ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை என்னைக் காட்டி, ஸ்டியரிங் சுற்றுவது போலக் கையைச் சுற்றிக் காட்டியது. "பெரியவளானதும் அவளுக்கும் சொல்லித் தருவீங்களான்னு கேக்குறா" என்றார் டீச்சர். வாசலில் நின்ற முதலாளி, பழக்கதோஷம், காதைத் தீட்டிக்கொண்டார்.

அந்தப் பிள்ளை ஓடிப்போய், தன் பலம் பூராவும் கொடுத்து வேன் கதவைச் சாத்தியது. டமார்! எதிர் டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. கை அதிர்ந்த சந்தோஷத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்தது. நானும் டீச்சரும் மெல்ல முதலாளியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். பிள்ளையின் சிரிப்பைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, ரெண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"யப்பா, நான் ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்துவிட்டேன், யாருக்கு வரும் யாருக்கு வராது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, அவர்கள் ஓட்டும்போது என் கால் எங்கே இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.