மதகடியில் நின்ற மினிபஸ்

இந்த வருடக் கார்ப் பந்தயத்தின் கடைசிப் போட்டி இன்று. ஜெயபுரத்தில் பூநகரி மினிபஸ்ஸில் ஏறியதும் போனில் நேரலையைப் போட்டேன்.

பக்கத்துச் சீட்டில் மீன் விற்று முடிந்த வெறும் பெட்டியோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "உந்தச் சிவப்புக் கார் ஏன் இப்பிடிப் பறக்குது?"

சிவப்போ நீலமோ, இன்று முன்னுக்கு வருபவருக்குத்தான் வருடப் பட்டம் என்றேன்.

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் பாதி பஸ் சிவப்பு, பாதி பஸ் நீலம்.

மூன்று சுற்று இருக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் இல்லை.

"டிரைவர் தம்பி, பஸ்ஸைப் பின்னுக்கு எடுங்கோ! இப்ப தாண்டி வந்த மதகடியில சிக்னல் வடிவா இருந்தது!" என்று கத்தியது அக்காதான்.

நம்பமாட்டீர்கள், எடுத்தார்! மதகடியில் நிறுத்திவிட்டுத் தானும் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். அவர் நீலம்.

கடைசிச் சுற்று. இரண்டு காரும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

அப்போது வெளியே நீண்ட ஹோர்ன். பின்னால் வந்த இன்னொரு பூநகரி மினிபஸ் எங்களைக் கடந்து போனது.

"ஐயோ, வழியில நிக்கிற சனம் முழுக்க அவன் ஏத்திப்போடுவான்!" டிரைவர் பாய்ந்துபோய் பஸ்ஸை எடுத்தார். படம் திரும்பவும் நின்றுபோனது.

யாருமே கவலைப்படவில்லை. சிவப்பும் நீலமும் ஒன்றாகச் சேர்ந்து, "விடாதேங்கோ தம்பி, முந்துங்கோ!" என்று கத்தினார்கள். நானும்தான்.

அவன் ஆள் ஏற்ற நின்ற இடத்தில் முந்தினோம். பூநகரிச் சந்தியில் அக்கா அந்த மீன்பெட்டியை இரண்டு கையாலும் வென்ற கோப்பை மாதிரித் தலைக்கு மேல் தூக்கிக்காட்டியபடி இறங்கினார்.

சிவப்பா நீலமா, எங்கள் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். பட்டம் எங்கள் டிரைவருக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.