பலெர்மோவில் ஓடிய மூக்கு லொறி

தொண்டையின் அடியில் ஒரு கரகரப்பு எழும்பும், பிறகு உதடுகள் அதிரும், கடைசியில் பல்லிடுக்கால் "ஸ்ஸ்ஸ்" என்று காற்றுப் போய் எல்லாம் நிற்கும். தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் முற்றத்தில் கேட்கிற சத்தம் அது. கிழமை முழுக்கச் சிஞ்ஞோராமார் என்கிற இத்தாலிய எசமானிமாரின் வீடுகளில் நிலம் துடைத்த மன்னார் ஆண்கள், அழுத்திய சட்டையோடு வட்டமாக நின்று, ஊரில் விட்டுவந்த இங்கிலீசு லொறிகளை வாயாலேயே ஓடுவார்கள். எது ஏற்றத்தில் இருமும், எதை விடியற்காலையில் முன்பக்கம் கம்பி விட்டுச் சுற்றி எழுப்பவேண்டும் என்பதெல்லாம், அப்படி ஒரு லொறியைக் கண்ணாலும் காணாத எனக்குச் செபங்களைவிட நல்ல பாடம்.

அப்பா மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஐஸ் போட்ட மீன் ஏற்றியவர். அவருடையது "மூக்கு லொறி", அதாவது எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பிரித்தானிய லொறி. அதன் சிக்னல் விளக்குகள் எப்போதோ செத்துப்போனதால், வலப்பக்க ஜன்னலால் கையை வெளியே நீட்டித்தான் திரும்புவதைக் காட்டுவாராம். பல்லரோச் சந்தைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு கதிரைகளைப் போட்டு, சட்டிமூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து எனக்கும் ஓடிக் காட்டுவார். வலப்பக்கம் அவர், இடப்பக்கம் "கிளீனர்" நான்.

"அப்பா, லொறி எங்கை நிக்குது?"

"புத்தளத்திலை."

"பொய். குசினியிலை நிக்குது."

"கிளீனர் வாய் காட்டினா நடுவழியிலை இறக்கிவிட்டிடுவன்."

வியா மக்வேதாத் தெருவில் நடந்துபோகும்போதுகூட, வலப்பக்க மூலையில் திரும்பினால் அந்தக் கை தானாக எழும்பும். ஒருநாள் அதை ஒரு கிழவி பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள் என்று நான் முற்றம் முழுக்கக் கதை கட்டிவிட்டேன்.

அந்த நாட்களில்தான், சந்தையில் பழம் மொத்தமாக விற்கிற ஒரு முதலாளி, "பத்தெந்தே" கொண்டுவந்தால் தன் சாமான் ஏற்றும் வானை ஓடலாம் என்று அப்பாவிடம் சொன்னார். பத்தெந்தே என்றால் இத்தாலிய லைசன்ஸ், ஊர் லைசன்ஸ் இங்கே செல்லாது. நிலம் கூட்டும் தும்புத்தடியும் சிஞ்ஞோராவின் நாய்க்கயிறும் பிடித்த கை மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறது என்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். எழுத்துச் சோதனையை அப்பா எப்படியோ தாண்டிவிட்டார்.

கார் ஓடிக் காட்டும் சோதனைக்கு அவருடைய கூட்டாளி சூசை மாமாவும் போனார். தன் முறை வரும்வரை, சோதிக்கிற ஆளுக்குப் பக்கத்தில் பின்சீற்றில் இருந்தவர் அவர். அடுத்த ஞாயிறு முற்றத்தில் நடந்ததை நடித்துக் காட்டியவரும் அவர்தான்.

"மச்சான் நல்லாத்தான் ஓடினவன். வலப்பக்கம் திருப்பு எண்டாங்கள். உடனை இவர் கையை எடுத்து ஜன்னலாலை நீட்டுறார். டேய், இத்தாலிக் காரிலை ஸ்டியரிங் இடப்பக்கமெல்லோ! வலப்பக்கம் ஜன்னல் எங்கை கிடக்கு? பக்கத்துச் சீற்றிலை இருந்த, கார் பழக்கிற வாத்தியாற்றை மூஞ்சிதான் கிடக்கு! கண்ணாடி பறந்து போச்சு!"

"பிறகு?"

"பிறகென்ன, இறங்கு எண்டாங்கள்."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பகிடி நல்ல பகிடி. அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, போவம்" என்று என் தோளில் தட்டினார்.

"இன்னொருக்காப் போங்கோவன். ரெண்டாந்தரம் எடுக்கலாம்தானே?" என்றாள் அம்மா, அன்று பின்னேரம்.

"போகலாம். இந்தக் கையை ஆருடைய வீட்டிலை விட்டிட்டுப் போறது?"

அம்மா சிரிக்கவில்லை. அப்பா போகவில்லை. பழ முதலாளியின் வானை வேறொருவர் ஓடினார். நான் கதிரைகளை இழுத்துப்போட்டு "கிளீனர் றெடி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "கதிரையை உடைச்சுப்போடுவாய்" என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டே. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். அதற்குப் பிறகு பூசை முடிந்ததும் அவர் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்.

இப்போது அந்த முற்றத்து ஆட்களில் பாதிப்பேர் லண்டனுக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேர் பூசை முடிய போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், வாயால் கியர் மாற்ற ஒருவரும் இல்லை. லண்டன் போன சூசை மாமா போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். பழைய லொறிப் பைத்தியங்கள் ஒரு புல்வெளியில் கூடியிருக்கிறார்கள், கலியாணப் பொம்பிளை மாதிரி மினுக்கிய மூக்கு லொறி ஒன்று மெல்ல வட்டமடிக்கிறது. நான் முதன்முதலாகக் கண்ட மூக்கு லொறி அது. இவ்வளவு சின்னதா என்றுதான் நினைத்தேன்.

சிஞ்ஞோரா வீட்டு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் காட்டினேன். முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னத்தை ஏத்திக்கொண்டு போகுது?"

"ஒண்டுமில்லையப்பா. சும்மா சுத்திக் காட்டுறாங்கள்."

"ஓடுறவனிட்டை லைசன்ஸ் இருக்கோ?"

"இருக்கும்தானே."

"அப்ப சரி" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு, மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.